தேர் திரும்பிய பிறகு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

போர் பிரித்த இளங்காதலுக்குப் பெரிய சோதனை எது? காத்திருப்பதா, திரும்பி வந்தவரோடு வாழ்வதா? இதுதான் இன்றைய கேள்வி. திரும்பி வந்தவரோடு வாழ்வதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி தபால்காரரின் காலடிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். கடிதம் வருமா, சாவுச் செய்தி வருமா என்று தினம் தினம் செத்துப் பிழைப்பதைவிடப் பெரிய சோதனை உண்டா என்று கேட்டார். ஆள் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொன்னார். முதலில் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தவிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டாவதாகச் சொன்னாரே, என் வழக்கே அங்கேதான் தொடங்குகிறது.

காத்திருத்தலுக்கென்று ஒரு திணையே வைத்தவர்கள் நாம். அகத்தில் முல்லை, அதற்குப் புறம் வஞ்சி என்று காத்திருப்பையும் படையெடுப்பையும் இணைத்தே வைத்தது நம் பழைய இலக்கணம். அவன் பாசறையில், அவள் வீட்டில். கார்காலம் வருகிறது, தேர் திரும்புகிறது. முல்லைப் பாடல்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன. களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் உண்டு. சரி, தேரை விட்டு இறங்கியவன் அன்று ராத்திரி தூங்கினானா? பக்கத்தில் படுத்திருந்தவள் தூங்கினாளா?

நடுவர் அவர்களே, முதல் உலகப்போருக்கு வருகிறேன். அது பதுங்குகுழிப் போர். குழிக்கு மேலே தலையை நீட்டியவனுக்கு முகத்தில் அடி. லண்டனுக்கு அருகே சிட்கப்பில், முகம் சிதைந்த வீரர்களுக்கென்றே 1917-இல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஹரால்ட் கில்லிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். அந்த ஊரில் சாலையோர பெஞ்சுகள் சிலவற்றுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள் என்று வழிப்போக்கர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது.

அறுவை சிகிச்சையாலும் முகம் மீளாதவர்களுக்கு, பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்ற சிற்பி முகமூடி செய்து கொடுத்தார். தாள் போல மெல்லிய செம்புத் தகடு. போருக்கு முன் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துப் பழைய முகத்தை வார்த்தெடுப்பார். அவன் அணிந்திருக்கும்போதே தோலின் நிறம் பார்த்து வண்ணம் தீட்டுவார். பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து மாட்டிவிடுவார்கள். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

ஆனால் அதை அணிந்தவனோடு வாழ வந்தவளை நினைத்துப் பாருங்கள். அவள் ஏதோ சொல்கிறாள், அவன் சிரிக்கிறான், எதிரே இருக்கும் முகம் சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பது வயதாகிறது, அந்த முகத்துக்கு இன்னும் இருபதுதான். வண்ணம் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக உதிர்கிறது. ராத்திரி அதைக் கழற்றிவைக்க வேண்டும். விளக்கை அணைத்துவிடட்டுமா என்று அவன் கேட்கிறான். வேண்டாம், எரியட்டும் என்று அவள் சொல்ல வேண்டும். ஒரு நாள் சொன்னால் போதாது, அடுத்த நாளும் சொல்ல வேண்டும்.

காத்திருந்தபோது அவள் நேசித்தது ஞாபகத்தில் இருந்த முகத்தை. அதை எந்தக் குண்டும் தொட முடியாது. அப்போது அவளுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். ஆள் வந்ததும் 'இனி என்ன குறை உனக்கு' என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

வெளியே தெரியும் காயத்துக்கே இப்படி. உள்காயத்துக்கு? 1915-இல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர், போர்முனையில் கலங்கிப்போன வீரர்களின் நிலையை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்று மருத்துவ இதழில் எழுதினார். குண்டு வெடித்த அதிர்வில் நரம்பு கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், பக்கத்தில் குண்டே விழாதவனுக்கும் அதே நடுக்கம், அதே கெட்ட கனவு. கோழை என்றார்கள், நடிக்கிறான் என்றார்கள். இந்த உள்காயத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 'பிடிஎஸ்டி', அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு, என்று தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980-இல். இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள். அந்த அறுபத்தைந்து ஆண்டுகளில், கதவு சாத்தும் சத்தத்துக்கே பதறி எழுந்த எத்தனை பேரை, அது என்னவென்று தெரியாமலே எத்தனை பெண்கள் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள்! என்மேல் பிரியம் போய்விட்டதோ என்று எத்தனை பேர் உள்ளுக்குள் புழுங்கியிருப்பார்கள்!

முடியாமல் பிரிந்து போனவர்களும் உண்டு. அவர்களை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். நாலு வருடம் கண்ணீரோடு காத்திருந்தவள், அவன் வந்த ஆறாவது மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றால், இரண்டில் எது கனமாக இருந்தது என்று அவளிடமே கேளுங்கள்.

எதிரணியினர் அந்தப் பெண்ணை வாசலில் நிற்க வைத்துப் பேசினார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்வதற்கு முன், சிட்கப்பின் அந்த நீல பெஞ்சையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். தெருவில் போகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவள் வந்து, அவன் பக்கத்தில் உட்காருகிறாள்.

நன்றி, வணக்கம்.