மாமாவின் வள்ளமும் மொரோவிண்டின் என்ஜினும்

வணக்கம் மக்களே. வீட்டில் கரண்ட் இல்லை. அதனால் உப்புவெளிக் கடற்கரைக்கு வந்து, மாமாவின் வள்ளத்தில் சாய்ந்துகொண்டு பேசுகிறேன். காற்று கொஞ்சம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் என்ஜின் என்றால் இதோ, வள்ளத்தின் பின்னால் தொங்குகிற இந்த மண்ணெண்ணெய் என்ஜின்தான். கேம் என்ஜின் பற்றி வீடியோ எடுக்கப் போகிறேன் என்றதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தி தம்பி?" என்ன பதில் சொல்ல? கேம் என்ஜின் என்றால் கேமுக்கு அடியில் ஓடுகிற மென்பொருள்; படம் காட்டுவதும் பொருட்களை அசைப்பதும் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெதெஸ்டா கம்பெனி செய்கிற எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசை. பெதெஸ்டா தன் பழைய என்ஜினைக் கடலில் போட்டுவிட்டு, பல கம்பெனிகள் பாவிக்கிற அன்ரியல் என்ஜினுக்கு மாறினால் என்ன என்று என் கூட்டாளி ஒருவன் பார்க்கிற நேரமெல்லாம் கேட்பான். இந்த வீடியோ அவனுக்குத்தான்.

1994இல் வந்த முதல் கேம் அரீனாவை விட்டுவிடுவோம். 1996இல் டேகர்ஃபால். அது ஓடியது எக்ஸ்என்ஜின் என்று அவர்களே செய்த ஒரு முப்பரிமாண என்ஜினில். ஊர்களும் குகைகளும் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் கணினியே கோத்துக் கொடுத்தவை. குகைக்குள் நடந்துகொண்டிருப்பீர்கள், திடீரென்று தரைக்குள்ளால் விழுந்து வெறும் கறுப்பில் மிதப்பீர்கள். அந்தக் கேமின் அடையாளமே அதுதான்.

2002இல் மொரோவிண்ட். இந்த முறை என்ஜினை வெளியிலிருந்து வாங்கினார்கள். பெயர் நெட்இம்மர்ஸ். அதுவே பிறகு கேம்பிரியோ என்று பெயர் மாறி, 2006இல் ஒப்லிவியனில் வந்தது. 2011இல் ஸ்கைரிமுக்குக் கிரியேஷன் என்ஜின் என்று புதுப் பெயர். ஆனால் ஸ்கைரிமின் ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஒரு கதிரையோ வாளோ, அதன் வடிவம் இருக்கிற ஃபைலின் பெயர் 'நிஃப்' என்று முடியும். நெட்இம்மர்ஸ் ஃபைல் என்பதன் சுருக்கம் அது. மாமாவும் இப்படித்தான்: காபரேட்டர் மாற்றினார், புரொப்பெல்லர் மாற்றினார், மூடிக்குப் பெயின்ட் அடித்தார். இப்போது கேட்டால் புது என்ஜின் என்கிறார்.

பழசை ஏன் விடவில்லை? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். மொரோவிண்டில் பல்மோரா ஊர்த் தெருவில் ஒரு கோப்பையைப் போட்டுவிட்டுப் போங்கள். பத்து நாள் தீவெல்லாம் அலைந்துவிட்டு வாருங்கள், போட்ட இடத்திலேயே கிடக்கும். உலகத்தைச் சின்னச் சின்ன அறைகளாக வெட்டி, எந்த அறையில் எந்தப் பொருள் எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது என்பது வரைக்கும் சேவ் ஃபைலில் எழுதி வைக்கிறது இந்த என்ஜின். பார்க்க எவ்வளவோ அழகான கேம்கள் இருக்கின்றன. ஆனால் என் கோப்பையை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அந்த ஞாபகத்துக்கு விலையும் உண்டு. மொரோவிண்ட் ஓடிய பழைய எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் மெமரி மொத்தமே 64 எம்பி. அது முட்டும்போது, லோடிங் திரையைக் காட்டிக்கொண்டே பின்னால் கன்சோலையே ரீபூட் செய்வோம் என்று அந்தக் கேமைச் செய்த குழுவின் தலைவர் டாட் ஹவார்ட் ஒரு பேட்டியில் சொன்னார். கள்ளத்தனம்தான், ஆனால் கெட்டித்தனம்!

ஸ்கைரிமின் தொடக்கத்தில் வருகிற மாட்டு வண்டி... மன்னிக்கவும், குதிரை வண்டி. அது உண்மையாகவே பௌதிக விதிப்படி ஓடுகிறது. செய்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் அது ராக்கெட் மாதிரி வானத்துக்குப் பறந்ததாம். காரணம் ஒரு தேனீ. தேனீயைக் கையால் பிடிக்க முடியவில்லை என்று யாரோ ஒரு திருத்தம் செய்ய, அதற்குப் பிறகு தேனீ எதிலும் முட்டும், எதுவும் அதை அசைக்காது. வண்டி தேனீயில் மோதிவிட்டது. ஸ்கைரிமில் வேலை செய்த நேட் பர்க்கிபைல் 2021இல் சொன்ன கதை இது. ஸ்கைரிம் முதலில் வந்தபோது பௌதிகம் ஃப்ரேம் வேகத்தோடு, அதாவது திரையில் வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதோடு, கட்டப்பட்டிருந்தது. வினாடிக்கு 60 ஃப்ரேமைத் தாண்டவிட்டால் வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பறக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்ட் வாங்கினவனுக்குத் தண்டனை.

அப்புறம், அன்ரியல் கேட்ட கூட்டாளிக்கு: 2025 ஏப்ரலில் பழைய ஒப்லிவியனைப் புதுப்பித்து ஒப்லிவியன் ரீமாஸ்டர்ட் வந்தது தெரியும்தானே? கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், தண்ணீர், புல் எல்லாம் அன்ரியல் 5. உள்ளே ஆட்களை நடத்துவதும் சண்டையைக் கணக்குப் போடுவதும் அதே 2006 என்ஜின். நீ கேட்டதில் பாதியைத் தந்துவிட்டார்கள்.

மாமா கூப்பிடுகிறார், வள்ளத்தைத் தள்ள ஆள் வேண்டுமாம். கேமராவை நிறுத்துகிறேன், நனைந்தால் அவ்வளவுதான்.