350 ரூபாய் ஸ்டிக்கர்! நான்ஸ்டிக் தோசைக்கல் வாங்கும் முன் இதைக் கேளுங்கள்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கத்தரிக்காய் கொத்சு போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நேற்றுப் பாத்திரக் கடையில் பார்த்ததைச் சொல்லாமல் எனக்கு வேறு வேலை ஓடாது.

தங்கை தனிக்குடித்தனம் போகிறாள், அவளுக்குத் தோசைக்கல் பார்க்கப் போனேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கைப்பிடியில் இரண்டு நான்ஸ்டிக் கல் இருந்தது. ஒன்று 1,100 ரூபாய். இன்னொன்று 1,450. கையில் தூக்கிப் பார்த்தேன், ஒரே கனம். விரலால் தடவிப் பார்த்தேன், ஒரே பூச்சு. விலை கூடிய கல்லில் மட்டும் பச்சை இலை படம் போட்டு ‘பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது’ என்று ஸ்டிக்கர். “அது கெமிக்கல் இல்லாததும்மா” என்றார் கடைக்காரர். அப்போ இந்த 1,100 ரூபாய்க் கல்லில் இருக்கிறதா என்று கேட்டேன். “இதுலயும் இல்லம்மா, இது பழைய ஸ்டாக், ஸ்டிக்கர் வர்றதுக்கு முன்னாடி வந்தது” என்கிறார்!

அப்புறம் எதற்கு 350 ரூபாய்? முக்கால் லிட்டர் செக்கு நல்லெண்ணெய் வாங்கலாம் அந்தக் காசுக்கு. பில் போடும் இடத்திலும் போய்க் கேட்டேன். அங்கேயும் பதில் இல்லை. ஒரு ஸ்டிக்கருக்கு 350 ரூபாய் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பி.எஃப்.ஏ.எஸ் என்று ஒரு பெரிய ரசாயனக் குடும்பம். அதில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கார்பனும் ஃபுளோரினும் கெட்டியாகப் பிணைந்திருப்பதால் வெயில், மழை, நுண்ணுயிர் எதுவும் அதைச் சுலபத்தில் பிரிக்காது. அதனால்தான் அழியா ரசாயனம் என்கிறார்கள். பி.எஃப்.ஓ.ஏ அதில் ஒன்றே ஒன்று. நம் கல்லில் மாவு ஒட்டாமல் வைத்திருக்கும் பி.டி.எஃப்.இ பூச்சும், அதுதான் டெஃப்லான், அதே குடும்பம். அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது ஆலையில் சேர்த்ததுதான் பி.எஃப்.ஓ.ஏ. ஆக, ஸ்டிக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘கெமிக்கல் இல்லாதது’ என்று கடையில் சொல்கிறார்களே, அது தப்பு.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்று ஒரு ஊர். பக்கத்தில் டூபாண்ட் கம்பெனியின் டெஃப்லான் ஆலை. 1951 முதல் அங்கே பி.எஃப்.ஓ.ஏ பயன்பட்டது. ஆற்றில் கலந்தது, குப்பைக்கிடங்கிலும் கொட்டினார்கள். கிடங்குத் தண்ணீர் ஓடி வந்த ஓடையில் குடித்த ஒரு விவசாயியின் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அவருக்காக 1999-இல் வழக்குப் போட்டவர் ராப் பிலாட் என்ற வழக்கறிஞர். பின்னால் அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குடித்த சுமார் 69,000 பேரின் இரத்தத்தைச் சோதித்து ஆராய்ந்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு, அதிகக் கொழுப்பு என்று ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-க்குள் முடிவு சொன்னார்கள். நோய் வந்தவர்கள் போட்ட வழக்குகள் 2017-இல் 67 கோடி டாலருக்குத் தீர்ந்தன. அந்த மாட்டுக்காரரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலில் அவர் சொன்னதை யாருமே காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன், முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். எட்டுப் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் பி.எஃப்.ஓ.ஏ-வை விட்டுவிடுவதாக 2006-லேயே அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டன. இப்படி அழியாத ரசாயனங்களை ஒழிக்க உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலும் 2019-இல் அது ஏறிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஜென்எக்ஸ்? அதுவும் அதே குடும்பம்தான். வடக்கு கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றிலும் அதன் தண்ணீரைக் குடிக்கும் வில்மிங்டன் ஊரிலும் அது இருப்பது 2017-இல் ஊருக்கே தெரிந்தது. ஒன்றை எடுத்துவிட்டு அதன் தம்பியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எனக்குக் கோபமே இதில்தான்.

வீட்டில் நான்ஸ்டிக் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். சாதாரணச் சூட்டில் பூச்சு நிலையாக இருக்கும். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் சிதையத் தொடங்கும். வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கட்டாயம் கவனியுங்கள், அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். பெரிய கவலை ஆலையும் தண்ணீரும்தான். அமெரிக்காவில் 2024-இல் குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ-வுக்கு வைத்த வரம்பு ஒரு லிட்டரில் 4 நானோகிராம், அவ்வளவு குறைவு. போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டீர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று. போகாது. ஆர்.ஓ நன்றாகக் குறைக்கும், கரி வடிகட்டியும் ஓரளவு பிடிக்கும்.

வாங்கும்போது ‘பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது’ என்பதோடு நிற்காதீர்கள். பூச்சு என்ன, பி.டி.எஃப்.இ-யா என்று கேளுங்கள். ரெயின்கோட், கறை படியாத சோபாத் துணி, எண்ணெய் ஊறாத பார்சல் காகிதம், மைக்ரோவேவ் பாப்கார்ன் பை, இவற்றிலும் இந்தக் குடும்பத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாப்கார்ன் எனக்கு எப்போதுமே பிடிக்காது, தெரியுமே!

தங்கைக்கு என்ன வாங்கினேன் என்று சொல்லவே இல்லையே. இரும்புக் கல்தான்! பழைய மார்க்கெட் அண்ணாச்சி 700 சொன்னார், 620-க்கு வாங்கினேன். கைப்பிடி வளைவு கொஞ்சம் சரியில்லை, அதைக் காட்டித்தான் குறைத்தேன். அரிசி வடித்த கஞ்சி ஊற்றி ஊறப்போட்டிருக்கிறேன், தினமும் கஞ்சியை மாற்றுகிறேன். அப்புறம் நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்க வேண்டும். முதல் தோசை எடுப்பதை வீடியோவாகப் போடுகிறேன். உங்கள் ஊர்க் கடையில் அந்தப் பச்சை ஸ்டிக்கருக்கு எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள் என்று கமென்டில் எழுதுங்கள், அதையும் அந்த வீடியோவில் சேர்த்துப் பேசுகிறேன்.