பல்லாவரம்: ஒரு வெள்ளிக்கிழமை இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர்

வணக்கம். சென்னை கடற்கரை நிலையத்தில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அதில் திரிசூலம் தாண்டினால் பல்லாவரம். நம்மில் பலர் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரு வெள்ளிக்கிழமை இறங்கிவிடுங்கள்.

(காட்சி: பழைய டிரங்க் ரோடு, காலை)

கன்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்புப் பகுதியில் வாரா வாரம் கூடும் சந்தை இது. காய்கறி, கருவாடு, ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ் கூண்டு, பழைய சைக்கிள், கழற்றி வைத்த கதவு. ஒரு கடையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தார்ப்பாய் மேல் மூடி இல்லாத மிக்ஸி ஜார்கள், ஒரு குவியல் ரிமோட், பக்கத்திலேயே ஒயர் இழுத்து மாட்டிய ஒரு ஸ்விட்ச் போர்டு. பழைய டிரில் மெஷினைக் கையில் எடுத்தவரிடம் கடைக்காரர், "சொருகிப் பாருண்ணே, ஓடுனா காசு குடு" என்கிறார். அது ஓடுகிறது. அப்புறம்தான் பேரமே ஆரம்பம். வீட்டில் எந்தச் சாமான் உடைந்தாலும் "வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம்" என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே இந்தச் சந்தையால்தான்.

(காட்சி: மலைச்சரிவு)

பல்லவபுரம் என்ற பெயர்தான் பல்லாவரம் ஆனது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையில் குடைந்த குடைவரைக் கோயில் மலையில் இருக்கிறது. இன்று அது தர்கா. மன்னனின் பட்டப்பெயர்கள் அந்தக் கல்லில் இன்னும் இருக்கின்றன.

அதையும் விடப் பழசு ஒன்று உண்டு. 1863 மே 30 அன்று இங்கே சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில், புவியியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகுக்குத் தெரிந்தது அந்த ஒரு கல்லில் இருந்துதான். சாலையோரம் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டிய செய்தி இது!

1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகள் வாழ்ந்ததும் இதே ஊரில்தான்.

(காட்சி: பெரிய ஏரி, மாலை)

இப்போது மாறிய பக்கத்தைப் பார்ப்போம். துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலை, ஐடி வேலைக்குப் போகிறவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. தோல் பதனிடும் ஊர் என்று பேர் வாங்கிய பகுதியில் இன்று அடுக்குமாடிகள். 2021இல் பல்லாவரம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. கன்டோன்மென்ட் மட்டும் அப்போது அதில் சேரவில்லை.

ஆனால் அந்த 200 அடி சாலை பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டுதான் போகிறது. மீதி இருந்த ஏரியிலும் குப்பையைக் கொட்டினார்கள். அந்தச் சாலையில் போகும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் தெரிவது ஒரே ஏரி.