பதில் வருவதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. நம் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு டீசர் வெட்டுவது என் வேலை. கோலாலம்பூரில் இதைத்தான் ரொம்ப நாளாகச் செய்து வருகிறேன், அதிலும் காதல் படம் என்றால் தானாகவே கேட்டு வாங்கிக்கொள்வேன். வானொலியில் உட்கார்ந்து டீசரைப் பற்றி என்ன பேசுவீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கென்னவோ இதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றுதான் படுகிறது, ஏனென்றால் காதல் படத்து டீசர் கண்ணுக்கு முன்னால் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

டிரெய்லர் வேறு. அதற்கு இரண்டு, இரண்டரை நிமிடம் கிடைக்கும், யாருக்கு யார் மேல் விருப்பம், எந்த வீட்டில் எதிர்ப்பு, எல்லாம் சொல்லிவிடலாம். டீசருக்கு அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம். அதற்குள் கதை சொல்லப் போனால் ஒன்றும் தேறாது. அடிதடிப் படம் என்றால் நாலு கார் பறப்பதைக் காட்டி ஆளை இழுக்கலாம், காதல் படத்தில் காட்ட என்ன இருக்கிறது, இரண்டு முகம்தானே? வாட்ஸ்அப்பில் மனதில் உள்ளதை அனுப்பிவிடுகிறோம், நீல டிக் விழுந்துவிடுகிறது, பதில் மட்டும் வரவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் இருக்கிறதே, காதல் டீசர் அதற்குள்தான் நடக்க வேண்டும்.

பினாங்கில் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெரியில் ஒரு காட்சி. கதை நடப்பது சில வருடங்களுக்கு முன்பு, கார் ஏற்றிப் போன அந்தப் பழைய ஃபெரிகள் இருந்த காலம். உங்களுக்குத்தான் தெரியுமே, அவை இப்போது ஓடுவதில்லை, 2023-இல் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்களும் இரு சக்கர வண்டிகளும்தான். அதனால் முழுப் படகையும் காட்டுகிற மாதிரி தூரத்து ஷாட் வைக்க வழியில்லை. கைப்பிடிக் கம்பி, பின்னால் கொஞ்சம் கடல், இரண்டு முகம், அவ்வளவுதான். அந்தப் பெண் கேட்கிறாள், "அடுத்த தீபாவளிக்காவது வருவியா?" படத்தில் அவன் பதில் சொல்கிறான், நல்ல பதில். டீசரில் அந்தப் பதில் கட்டாயம் வர வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். "அண்ணே, அந்த வசனத்துக்குத்தான் தியேட்டரில் கைத்தட்டல் விழும்" என்றார். "தம்பி, அதனால்தான் அதைத் தியேட்டருக்கு விட்டுவைக்கச் சொல்கிறேன்" என்றேன்.

கடைசியில் இப்படி வெட்டினோம். திரை இருட்டாக இருக்கும்போதே அவள் கேள்வி கேட்டுவிடும். பிறகுதான் அவன் முகம். எஞ்சின் உறுமல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், அவனுக்கு 36 பிரேம் கொடுத்தேன், அதாவது ஒன்றரை விநாடி. வாய் திறக்கப் போகிறான், மூச்சை உள்ளே இழுக்கிறான், கட். கம்பியைப் பிடித்த அவள் கை, பிறகு படத்தின் பெயர். அந்த மூச்சுச் சத்தத்தைப் பெரும்பாலும் சுத்தம் செய்து எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்! காதல் படத்தில் மூச்சும் வசனம்தான்.

இன்னொன்று, அந்த எஞ்சின் உறுமல் எங்கிருந்து வந்தது? ஷூட்டிங் முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரத் தம்பி எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் வெறும் படகுச் சத்தத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் அந்த ஒன்றரை விநாடி இல்லை. படம் எடுக்கும் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன், எந்த இடத்தில் எடுத்தாலும் அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடமாவது தனியாகப் பிடித்து வையுங்கள்.

அப்புறம், முகத்துக்கு அடுத்து எதை வைக்கிறோம் என்பது. ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்று ஓர் இயக்குநர், நூறு வருடம் முன்பே இதைச் செய்து பார்த்தார். உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகம், அடுத்து ஒரு தட்டு சூப், பார்த்தவர்கள் பசி என்றார்கள். அதே முகம், அடுத்து சவப்பெட்டியில் ஒரு குழந்தை, துக்கம் என்றார்கள். அதே முகம், அடுத்து ஒரு பெண், ஆசை என்றார்கள். முகம் மாறவே இல்லை. ஃபெரிக் காட்சியிலும் அதைத்தான் பார்த்தேன். அவன் முகத்துக்கு அடுத்து கம்பியை இறுக்கிப் பிடித்த அவள் கையை வைத்தால், போக மனமில்லாமல் நிற்கிறான் என்று தோன்றும், காலடியில் இருக்கும் அவன் பயணப் பையை வைத்தால் தப்பித்து ஓடப் பார்க்கிறான் என்று தோன்றும். நான் கையை வைத்தேன்.

இதெல்லாம் எடிட்டிங் அறையில் உட்கார்ந்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை. படம் முடியும் முன்பே டீசர் வெளியாகிவிடும், அதனால் ஷூட்டிங் திட்டத்திலேயே டீசருக்கென்று சில ஷாட்டுகளை எழுதி வைக்க வேண்டும், பேசாமல் பார்க்கிற முகம், கை, திரும்பிப் போகிற முதுகு. இசையும் அப்படித்தான். பாட்டு தயாராகவில்லையே என்று ஏதோ ஒரு பிரபலமான பாட்டைப் போட்டு வெட்டினால், எல்லோரும் அதிலேயே மயங்கிவிடுவார்கள், அதன் உரிமையை வாங்கப் பணமும் இருக்காது. இசையமைப்பாளரிடம் சின்னதாக ஒரு முணுமுணுப்பையாவது முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வெட்டி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள், கேள்வி மனதில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை, ஏனென்றால் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு சத்தமில்லாமல் பார்ப்பவர்களும் நம் ரசிகர்கள்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், தணிக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. திரையரங்கில் ஓட்டுவதென்றால் டீசரும் திரைப்படத் தணிக்கை வாரியத்துக்குப் போக வேண்டும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். மலாய் வசன வரிகள் குட்டியாக இருக்கட்டும், முகத்தை மறைக்க வேண்டாம். போனுக்கு உயரவாட்டில் தனியாக ஒன்று வெட்டுங்கள். வெளியீட்டுத் தேதி உறுதியானால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் 'விரைவில்' போதும். நன்றி, வணக்கம்.