ஒரே ஆளைத் தேட நான்கு பெயர்கள்

வணக்கம். நாகார்ஜுனரைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் படித்துவிட வேண்டும் என்று ஒரு மாணவர் உட்காருகிறார், சரியா? பௌத்த தத்துவத்தில் அவரைத் தாண்டிப் போகவே முடியாது. ஆனால் திபெத்திய நூல்களில் அவர் லுட்ருப், சீனத்தில் லோங்ஷு, ஜப்பானிய மொழியில் ரியூஜு. போதாக்குறைக்கு, பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ரசவாத நூல்களும் நாகார்ஜுனர் பெயரிலேயே இருக்கின்றன. ஒரு பெயரைத் தட்டித் தேடினால் பாதி அகப்படாது, அகப்படுவதிலும் சில வேறு ஆளுடையவை.

இதற்கு வழி உண்டு. யாராவது பொறுமையாக உட்கார்ந்து, இவர் வேறு அவர் வேறு என்று பிரித்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, எல்லா மொழிப் பெயர்களையும் அந்த எண்ணின் கீழே கொண்டுவர வேண்டும். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் எல்லோருக்கும் ஆகும். ஆனால் நம் ஆய்வாளர்களில் பலர் இதைத் தன் கணினியில் தனக்காக மட்டும் செய்துகொள்கிறார்கள், அவர்கள் ஓய்வுபெற்றதும் அந்த உழைப்பும் அவர்களோடு போய்விடுகிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

சமய ஆய்வில் இந்தச் சிக்கல் கூடுதல், ஏனென்றால் ஆய்வாளர்கள் வரலாறு, மானுடவியல், சமூகவியல் என்று பல துறைகளில் இருக்கிறார்கள், சுவடிகளோ அவர்களைவிட அதிகமாகச் சிதறிக் கிடக்கின்றன. சீனாவின் துன்ஹுவாங் குகையில் 1900இல் வெளிப்பட்ட சுவடிகள் லண்டன், பாரிஸ், பெய்ஜிங், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பிரிந்து போயின. ஒரே சுருளிலிருந்து கிழிந்த துண்டுகள்கூட வேறு வேறு ஊர்களில்! 1994இல் பிரிட்டிஷ் நூலகத்தை மையமாக வைத்துத் தொடங்கிய சர்வதேச துன்ஹுவாங் திட்டம் பல நாட்டு நூலகங்களைச் சேர்த்துக்கொண்டு படங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. இன்று அப்படிப் பிரிந்த துண்டுகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கிழிசல் பொருந்துகிறதா, கையெழுத்து ஒன்றுதானா என்று.

அப்புறம் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் ரெல்பிப். சமய ஆய்வுக்கென்றே உள்ள நூற்பட்டியல், யாரும் கட்டணமில்லாமல் தேடலாம். அதை நடத்துவது ஒரு நூலகம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பேராசிரியரின் திட்டம் நிதி தீர்ந்தால் முடிந்துவிடும், நூலகம் அப்படி மூடிக்கொண்டு போவதில்லை.

நான் பல வருஷம் நம்பியிருந்த ஒரு தரவுத்தளம் ஒருநாள் காலையில் திறக்கவே இல்லை. நிதிக்காலம் முடிந்திருந்தது, பார்த்துக்கொண்டவர் வேறு வேலைக்குப் போயிருந்தார், கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதிலிருந்த பெயர்ப்பட்டியலை மட்டுமாவது முன்கூட்டியே ஒரு நூலகத்திடம் கொடுத்து வைத்திருந்தால், அதையே நான் இப்போது மறுபடி முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.