ஃபோனோன்னா ஃபோன் இல்லீங்க! ரெக்கார்டரை ஸ்டீரியோவுல மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

[திரையில்: பழைய ஆம்ப்ளிஃபையரோட முதுகுப்பக்கம். டார்ச் வெளிச்சம். கொஞ்சம் ஒட்டடை.]

இந்த ஓட்டைக்கு மேல என்ன எழுதியிருக்கு? ஃபோனோ. இப்ப முன்பக்கம் வாங்க. இங்க ஒரு ஓட்டை. ஃபோன்ஸ். இந்த ரெண்டுல எதுல உங்க ரெக்கார்டரை மாட்டுவீங்க? மனசுக்குள்ள ஒரு பதில் சொல்லிக்கோங்க.

சொல்லிட்டீங்களா? ரெண்டுமே தப்பு! முன்பக்கம் இருக்கிறது ஹெட்ஃபோன் மாட்டுற இடம், சத்தம் வெளிய வர்ற வழி. ஃபோனோ உள்ள போற வழிதான், ஆனா நம்ம ஆளுக்கு இல்ல. நான் அதுலதான் மாட்டினேன். மூணு வாரம் அப்படியே வெச்சுக் கேட்டேன்.

வணக்கம் மக்களே. போன திருவிழாவுக்கு எங்க ஊருக்குப் போனப்ப, சாமி புறப்பாட்டுல நாதஸ்வரமும் தவிலுமா வாசிச்ச மல்லாரியைக் கையடக்க ரெக்கார்டர்ல பதிவு பண்ணேன். நான் பண்ணலை, சித்தப்பா கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். "மூச்சுகூட விடலடா"ன்னு சத்தியம் பண்ணார். அந்தச் சத்தியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

முதல்ல கேபிள். ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், இன்னொரு பக்கம் சிவப்பும் வெள்ளையுமா ரெண்டு ஆர்சிஏ பின். சென்னை ரிச்சி தெருவுல "ஸ்டீரியோ டு ஆர்சிஏ"ன்னு கேட்டா எடுத்துப் போடுவாங்க. சிவப்பு வலது, வெள்ளை இடது. ஆர்சிஏ ஒரு அமெரிக்க ரேடியோ கம்பெனியோட பேரு, 1930கள்ல வந்த பின் இது. அந்த 3.5 மில்லிமீட்டர் குட்டி பின்னுக்குத் தாத்தா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர் சொருகி எடுத்த பெரிய பின். வரலாறு போதும்.

[திரையில்: பின் நுனி, ரொம்பக் கிட்டத்துல.]

வாங்கும்போது இதை மட்டும் பாருங்க. கருப்பு வளையத்தை எண்ணுங்க. ரெண்டு இருந்தா ஸ்டீரியோ: நுனி இடது, நடு வலது, அடி எர்த். ஒண்ணுதான் இருந்தா மோனோ, வலது பக்கம் எர்த்தோட ஒட்டிக்கும், பாதிப் பாட்டு போச்சு. மூணு இருந்தா மைக் வெச்ச ஹெட்செட் பின், அது நமக்கு வேண்டாம்.

சரி, ஃபோனோ. இதுக்குத்தான் இந்த வீடியோவே.

ஃபோனோன்னா ஃபோனோகிராஃப். இசைத்தட்டு. தட்டு மேல ஓடுற ஊசியில இருந்து வர்ற மின்சாரம் எவ்வளவு தெரியுமா? சாதாரண மேக்னட் ஊசின்னா சுமார் 5 மில்லிவோல்ட். ரெக்கார்டர்ல இருந்து வர்றது சுமாரா 300 மில்லிவோல்ட். அறுபது மடங்கு! காதுகிட்ட ரகசியம் சொல்ற பாட்டிக்காக வெச்ச காது மெஷின்ல, போய் நாதஸ்வரம் ஊதினா எப்படி இருக்கும்? அதான் நான் பண்ணது. பொம்முன்னு ஒரு அலறல், பக்கத்து வீட்டு நாய் எழுந்துடுச்சு.

நான் என்ன பண்ணேன்? புத்திசாலித்தனமா ரெக்கார்டர் வால்யூமைக் குறைச்சுக் குறைச்சு நூத்துக்கு அஞ்சுல வெச்சேன். அலறல் நின்னுடுச்சு. பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சேன். ஆனா தவிலோட தொப்பிப் பக்கம், அதாங்க குச்சியால அடிக்கிற இடது பக்கம், இடி இடிக்குது. விரல்ல கூடு போட்டு வாசிக்கிற வலந்தலை போர்வைக்குள்ள இருந்து கேக்குது. நாதஸ்வரத்துக்கு ஜலதோஷம். ரெக்கார்டர் மட்டம்னு முடிவு பண்ணி விக்கவே கிளம்பிட்டேன்.

ஏன் அப்படி? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் வருது.

[திரையில்: கிராமத்து வயல். ஏர் ஓட்டுற மாடுகள்.]

இசைத்தட்டுல பாட்டை உழுதுதான் வெச்சிருக்காங்க. வட்டமா ஓடுற ஒரே ஒரு உழவுச்சால். சத்தத்துக்கு ஏத்த மாதிரி அந்தச் சால் இடதும் வலதுமா நெளியும். கீச்சுக் குரல்னா நெளிவு சின்னது. தவில் மாதிரி கனத்த ஒலின்னா ஏர் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுக்கும், பக்கத்துச் சாலையே உழுதுடும்! வரப்புத் தகராறு! "அகல உழுவதைவிட ஆழ உழு"ன்னு நம்ம ஆளுங்க சொன்னது தட்டு வெட்டுறவனுக்கும் பொருந்துது பாருங்க. அகல உழுதா ஒரு தட்டுல பாதிப் பாட்டுகூடத் தேறாது.

அதனால தட்டு வெட்டும்போதே கனத்த ஒலியைக் குறைச்சு வெட்டுவாங்க. கூடவே இன்னொரு தந்திரம். ஊசி உரசுற சர்ர்ருங்கிற சத்தம் கீச்சுப் பக்கம்தானே? அதனால கீச்சு ஒலியைத் தூக்கி வெட்டுவாங்க. வீட்டுல கேக்கும்போது ஃபோனோ ஓட்டை இதைத் தலைகீழாப் பண்ணும். கனத்ததைத் தூக்கும், கீச்சை அமுக்கும். கீச்சோட சேந்து அந்தச் சர்ர்ரும் அமுங்கிடும். என்ன மூளை பாருங்க! முன்னாடி ஆளாளுக்கு ஒரு கணக்கு வெச்சு வெட்டினாங்க. 1954-ல அமெரிக்க இசைத்தட்டுக்காரங்க சங்கம் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தது. கேக்கும்போது அடிமட்டத்துல 20 டெசிபல் கிட்டத்தட்டத் தூக்கு, உச்சியில அதே அளவு அமுக்கு. மின்னழுத்தக் கணக்குல ஏறக்குறைய பத்து மடங்கு ஏத்தம், பத்துல ஒரு பங்கு இறக்கம்.

என் மல்லாரியை யாரும் அப்படிக் குறைச்சு வெட்டலையே! நோயில்லாத ஆளுக்கு மருந்து கொடுத்த கதை. தொப்பி வீங்கிடுச்சு, வலந்தலை அமுங்கிடுச்சு. பாவம், ரெக்கார்டர் மேல பழி. இதே தப்பைப் பண்ணவங்க கமெண்ட்ல கை தூக்குங்க, நான் தனியா அசிங்கப்பட முடியாது.

அப்ப எதுல மாட்டணும்? ஆக்ஸ், அதாவது AUX-னு எழுதியிருக்கிற ஓட்டை. இல்லைன்னா சிடி, ட்யூனர், டேப் பிளே, எதுல வேணும்னாலும். இதெல்லாம் ஒரே ஜாதி, ஃபோனோ மட்டும் வேற. முன்னாடி இருக்கிற திருகை அதே பேருக்குத் திருப்பணும், அவ்வளவுதான்.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபையர் வால்யூம் பூஜ்யத்துல இருக்கட்டும், இல்லைன்னா "டப்"புன்னு ஸ்பீக்கர் குதிக்கும். அப்புறம் ரெக்கார்டர் வால்யூமை முக்கால்வாசி வைங்க, மிச்சத்தை ஆம்ப்ளிஃபையர்ல ஏத்துங்க. மாத்திப் பண்ணாதீங்க. மாடித் தொட்டி வால்வை மூடி வெச்சுட்டு கீழ குழாயை எவ்வளவு திறந்தாலும் காத்துதான் வரும். இங்க அந்தக் காத்துக்குப் பேரு இரைச்சல். அதுக்காக ரெக்கார்டரை முழுசா ஏத்தினா சிலதுல ஒலி கிழியும். ரெக்கார்டர்ல ஹெட்ஃபோன் ஓட்டை தவிர தனியா லைன் அவுட்னு ஒண்ணு இருந்தா அதுலயே மாட்டுங்க.

"ம்ம்ம்"னு ஒரு முனகல் வருதா? சார்ஜரைப் பிடுங்குங்க. நம்ம வீட்டுக் கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் அது. பேட்டரியில ஓட்டினா பெரும்பாலும் ஓடிடும்.

"அண்ணா, ப்ளூடூத் இருக்கே"ன்னு ஒரு தம்பி கேப்பான். இருக்கு தம்பி. இந்த ஆம்ப்ளிஃபையருக்கு உன் அப்பா வயசு.

மறுபக்கம், ஸ்டீரியோவுல ஓடுறதை ரெக்கார்டர்ல பதிவு பண்ணணுமா? ஆம்ப்ளிஃபையரோட டேப் ரெக் அவுட்ல இருந்து ரெக்கார்டரோட லைன் இன்னுக்கு. ஆம்ப்ளிஃபையர் வால்யூம் ஏத்தினாலும் இறக்கினாலும் அதுல மாறாது. ஸ்பீக்கர் கம்பியில இருந்து மட்டும் எடுக்காதீங்க, ரெக்கார்டரை அடக்கம் பண்ண வேண்டியதுதான்.

[திரையில்: சிவப்பு, வெள்ளை பின்கள் ஃபோனோவுல இருந்து ஆக்ஸுக்கு மாறுது. திருகு திரும்புது.]

இப்ப போடுறேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.

[மல்லாரி. இருபது வினாடி.]

கூடு தோல்ல படுற "டக்"கு தெரியுதா? மூணு வாரமா இது எனக்குக் கேக்கவே இல்ல. கேக்காம இருந்தது இன்னொண்ணும் இருக்கு. கிசுகிசுப்பு பெரும்பாலும் கீச்சுப் பக்க ஒலிதான், ஃபோனோ அதையும் சேத்து அமுக்கிடுச்சு. இடது ஸ்பீக்கர்ல காதை வைங்க.

[இடது பக்கம், மெல்லிசா, சித்தப்பா குரல்: "டேய், பொங்கல் தீந்துடப் போவுது. போய் ரெண்டு தொன்னை வாங்கி வை."]