அவிழ்த்துவிடலாமே என்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். கொஞ்சம் நிலமும் நிறைய மரங்களுமாக ஊருக்கு வெளியே இருக்கிறேன், கூடவே மூன்று நாய்கள் என்று சொன்னதுமே கேட்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அப்புறமென்ன, நாள் முழுக்க அவிழ்த்துவிடலாமே!" நான் அவிழ்த்துவிடுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்தேன்.

வேலி நமக்குத்தான் எல்லை. நாய் மூக்கை நம்பி நடக்கிற பிராணி. நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் அதற்கு 20 கோடிக்கும் மேல். ராத்திரி ஒரு முயல் குறுக்கே போயிருந்தால் காலையில் படியிறங்கும்போதே அதற்குத் தெரிந்துவிடும். அந்தத் தடத்தில் ஒருமுறை இறங்கிவிட்டால், நாம் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. அடங்காத நாய் என்று திட்டுவது நியாயமில்லை. நாம் கூப்பிடும் குரலைவிட அந்த வாசனை பெரிது, அவ்வளவுதான். அதனால் பகலில் நீளக் கயிறு, இருட்டும் முன்னே வீட்டுக்குள்.

காட்டிலிருந்து நாயைக் காப்பாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாயிடமிருந்து காட்டைக் காப்பாற்றுவதைத்தான் மறந்துவிடுகிறோம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குக் கட்டவிழ்ந்த நாய் ஒன்றே போதும். நோய் வேறு. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ், 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களுக்குப் பரவி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிங்கங்கள் ஞாபகம் வரும்.

சாயங்கால வேலை ஒன்று இருக்கிறது, அது உண்ணி பார்ப்பது. மரத்திலிருந்து குதிக்கிறது என்பார்கள். உண்ணிக்குக் குதிக்கவே தெரியாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். உரசிக்கொண்டு போகிறவர்மேல் தொற்றிக்கொள்ளும். கண்ணை நம்பாதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள். காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலின் அடி. மிளகு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் மயிரை விலக்கி, மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். அது உமிழ்நீரைக் கடிவாயில் கக்கிவிட்டால் கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். என் கிழட்டு நாய் இதற்காகவே மல்லாந்து படுத்துக்கொள்ளும். சின்னதைப் பிடிப்பதற்குள் பாதி சாயங்காலம் போய்விடும். பிறகு சில நாட்களில் நாய் சோர்ந்து, தீனி ஒதுக்கி, ஈறு வெளுத்துத் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் கிளம்பிவிட வேண்டியதுதான், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

பாம்பு கடித்தாலும் அப்படித்தான்: கட்டுப்போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறவே கூடாது. காட்டு விலங்கோ தெரியாத நாயோ உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன மணியும் கட்டியிருக்கிறேன். முயலுக்கு ஓட நேரம் கிடைக்கும். நாய் எந்தப் புதரில் நிற்கிறது என்று எனக்கும் தெரியும். மணிச்சத்தம் நின்றுபோனால்தான் எழுந்து போகிறேன். பெரும்பாலும் தின்னக் கூடாத எதையோ தின்றுகொண்டிருக்கும்.